கதவு இல்லை என்று ஓட்டுப் போட்டவர்கள்

காலம் என்று ஒன்று கிடையாது என்பதை எங்கள் மாப்பிள்ளை பட்டாணி மூட்டைகளுக்கு நடுவில் நின்றபோது கண்டுபிடித்தார். அவருக்கு உறைபனிக் கிடங்கில் மேற்பார்வை வேலை. தெருமுனையிலிருந்து பார்த்தால் பெரிய வெள்ளைப் பெட்டி போலத் தெரியும் அந்தக் கட்டடத்துக்குள் பட்டாணி, சோளம், மீன் துண்டு, ஐஸ்கிரீம் எல்லாம் கல்லாகக் கிடக்கும். போன வருஷம் வந்த பட்டாணியும் நேற்று வந்த பட்டாணியும் ஒரே பச்சையாக இருப்பதை ஒருநாள் அவர் பார்த்திருக்கிறார். வேறு யாராவது பார்த்திருந்தால் ‘பரவாயில்லை, கெடவில்லை’ என்று கதவைச் சாத்திவிட்டுப் போயிருப்பார்கள். மாப்பிள்ளை அங்கேயே நின்று யோசித்தார். வெளியே வரும்போது அவரிடம் ஒரு கோட்பாடும் கடுமையான ஜலதோஷமும் இருந்தன. ஜலதோஷம் ஒரு வாரத்தில் போய்விட்டது.

கோட்பாடு இதுதான். உலகத்தில் காலம் இல்லை, சூடுதான் இருக்கிறது. சூடு இருப்பதால் பொருள்கள் மாறுகின்றன. மாறுவதைப் பார்த்து, காலம் ஓடுகிறது என்று மனிதன் பயந்துகொள்கிறான். பிறப்பு என்பது உறைநிலையிலிருந்து வெளியே எடுத்து வைப்பது. வாழ்க்கை என்பது உருகுவது. மரணம் என்பது, இதை மட்டும் அவர் சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் தம்ளரைத் தூக்கிக் காட்டித்தான் சொல்வார், கடைசியில் தரையில் இருக்கும் ஈரம்.

“அந்த ஈரத்தை யாருங்க துடைக்கிறது?” என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். அதற்குக் கோட்பாட்டில் இடம் இல்லை.

இதை அவர் வீட்டோடு வைத்துக்கொண்டிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டோம். மற்ற வீட்டு மாப்பிள்ளைகள் குடிக்கிறார்கள், சீட்டாடுகிறார்கள். எங்கள் வீட்டு மாப்பிள்ளை யோசிக்கிறார் என்று விட்டிருப்போம். ஆனால் அவர் தினமும் காலையில் பல் விளக்குவதற்கு முன்பே, அன்றைய சிந்தனையைத் தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் செல்போனில் அனுப்பினார். முதலில் அவருடைய அண்ணன் அவரை பிளாக் செய்தார். பிறகு அக்கா. அக்கா பாசக்காரி, சொல்லி அழுதுவிட்டுத்தான் பிளாக் செய்தாள். கிடங்கின் குளிர் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக், “மூணாம் நம்பர் அறையில கதவோட உள்பக்கத்துக் குமிழ் ஐஸ் பிடிச்சு இறுகுது சார், மாத்தச் சொல்லுங்க, தனியா உள்ளே போகாதீங்க” என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தார். மாப்பிள்ளை அவருக்கு, உள் என்றால் என்ன, வெளி என்றால் என்ன என்று ஐந்து பாகங்களில் பதில் அனுப்பினார். இரண்டாம் பாகத்தில் மெக்கானிக்கும் போய்விட்டார். முதலாளி பிளாக் செய்யவில்லை. அவர் மரியாதைக்காரர், நம்பரையே மாற்றிக்கொண்டார்.

என் மகள் நியாயமானவள். புருஷனை பிளாக் செய்வது தப்பு என்று, அவர் செய்திகள் வந்தால் சத்தம் வராதபடி மட்டும் செய்துவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அழுக்குத் துணியை எடுக்கும்போது அதையும் சேர்த்து எடுத்து ஒரே மூச்சில் முடித்துவிடுவாள். நான் என்னிடம் செல்போனே இல்லை என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அதைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன்.

இப்படி ரத்த சம்பந்தம், வேலை சம்பந்தம் எல்லாம் கைவிட்ட பிறகு மாப்பிள்ளைக்கு மிஞ்சியது ஒரு குழுதான். அதற்கு ‘அப்பால்’ என்று பெயர். யாருக்கும் யார் முகமும் தெரியாது, யார் நம்பரும் தெரியாது. எல்லோருக்கும் புனைபெயர். எங்கள் மாப்பிள்ளை ‘பனித்துளி’. குழுவை நடத்தியவர் ‘நிலையாமை’. தொழில் இன்சூரன்ஸ் என்று தன் பெயருக்குக் கீழேயே போட்டிருப்பார், நல்ல பொருத்தம். ‘கேள்வி’ என்று ஒரு ரிட்டயரான கணக்கு டீச்சர். ‘மௌனம்’ என்று ஒருவர். குழுவிலேயே மிக நீளமாக எழுதுபவர் மௌனம்தான். ஒரு கேள்விக்கு அவர் பதில் எழுதி முடிப்பதற்குள் கேட்டவர்களில் சிலர் வயதுக்கு வந்துவிடுவார்கள். இவர்கள் எழுதுவதையெல்லாம் மாப்பிள்ளை ராத்திரிச் சாப்பாட்டின்போது எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். எங்கள் வீட்டில் எல்லோரும் வேகமாகச் சாப்பிடக் கற்றுக்கொண்டோம்.

அந்தக் குழுவில் ஒரு விசித்திரமான விதி உண்டு. ஆரம்பத்தில் அது இல்லை. ஒருநாள் டீச்சர், ‘மனிதன் இயல்பில் நல்லவனா?’ என்று கேட்டு, தன் பக்கத்து வீட்டுக்காரி வாஷிங் மெஷின் தண்ணீரைத் தன் வாசலில் திறந்துவிடுவதை உதாரணம் காட்டினார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி அதே குழுவில் ‘கருணை’ என்ற பெயரில் இருந்தார். அடுத்த சில வாரங்களுக்கு ‘அப்பால்’ குழுவில் சாக்கடையைத் தவிர வேறு எதுவும் ஓடவில்லை. அதன் பிறகு நிலையாமை விதி போட்டார்: இங்கே எழுதுவது எல்லாமே உதாரணம். ‘நான்’ என்று எழுதினால் அது நான் இல்லை. ‘இது உண்மையில் நடந்தது’ என்று சொன்னால் ஓர் எச்சரிக்கை. மறுபடியும் சொன்னால் நீக்கம்.

விதி வந்ததும் குழு செழித்தது. ஒருவர், ‘என் வீடு இப்போது எரிந்துகொண்டிருக்கிறது’ என்று தொடங்கினார். பற்றின்மையைப் பற்றி மிக உயர்ந்த விவாதம் ஒன்று நடந்தது. அவர் அதற்குப் பிறகு எழுதவில்லை. தெளிவு கிடைத்துவிட்டது போலிருக்கிறது என்று எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை. கிடங்குக்கு வார விடுமுறை. பட்டாணிப் பையின்மேல் பூத்திருக்கும் உறைபனியை ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டால் கோட்பாடு விளங்கும் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது. சாவி அவரிடம்தானே இருக்கிறது. போனார், மூன்றாம் நம்பர் அறையைத் திறந்தார், ஒரு நிமிஷ வேலைதானே என்று கோட்டு கூடப் போடாமல் அரைக்கைச் சட்டையோடு உள்ளே நுழைந்தார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. படம் நன்றாக வந்தது. குமிழ் திரும்பவில்லை.

அந்தத் தகரச் சுவரைத் தாண்டிப் போனில் பேச்சு போகாது. எழுத்து மட்டும் எப்போதாவது நழுவி வெளியே போகும். பெண்டாட்டிக்கு அனுப்பினார்; ஞாயிற்றுக்கிழமை பார்ப்பாள். அண்ணன், அக்கா, மெக்கானிக். எல்லாம் அடைத்த வாசல்கள். கடைசியில் உலகத்தில் தன்னை உடனுக்குடன் படிக்கும் ஒரே கூட்டத்துக்கு எழுதினார்.

நான் அந்த நேரத்தில் பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். புதுப் பல் செட்டுக்கு அளவு எடுக்க வேண்டியிருந்தது. சாதாரணமாக மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை என்று தனித்தனியாகத்தான் எடுப்பார்களாம். இந்த டாக்டருக்கு ஏதோ அவசரம். இரண்டு அளவுத் தட்டிலும் பசையைக் குழைத்து அப்பி, மேலும் கீழும் ஒன்றாகச் சொருகி, “ஐயா, கொஞ்ச நேரம் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருங்க” என்றார். பல் இல்லாததால்தானே வந்திருக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் வாய் அவருடையதாகிவிட்டது.

அவர் அவசரம் என்னவென்று அப்போது தெரிந்தது. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு போனை எடுத்தார்.

“சிஸ்டர், இன்னிக்கு அற்புதமா ஒண்ணு வந்திருக்கு, கேளுங்க.”

மூலையில் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்த உதவிப் பெண் அவற்றைக் கழுவும் இயந்திரத்தை ஓடவிட்டாள். பழக்கம் போலிருக்கிறது. டாக்டர் குரலை உயர்த்திப் படித்தார்.

“‘குளிர் அறையில் மாட்டிக்கொண்டேன். கதவு திறக்கவில்லை. உள்ளே உள்ள குமிழ் உறைந்துவிட்டது. யாராவது வந்து திறங்கள். பனித்துளி.’ அடடா, என்ன ஒரு ஆரம்பம்! வழக்கமா இந்த ஆளு பட்டாணி பட்டாணின்னு உயிரை எடுப்பாரு சிஸ்டர். இன்னிக்குத்தான் எழுத்துல ஒரு உயிர்த்துடிப்பு வந்திருக்கு.”

பனித்துளி என்று பெயர் வைத்துக்கொண்டு பட்டாணியைப் பற்றி எழுதும் பிறவி உலகத்தில் இரண்டு இருக்க முடியாது. கடவுள் அவ்வளவு கொடுமைக்காரர் இல்லை.

“ஆவ்!” என்றேன். “ஊவ்! ஆவூ!”

“வலிக்குதா ஐயா? வலிக்காதே. வெறும் பசைதான். அசையாதீங்க, அளவு கோணிடும்.” போனைத் தட்டினார். “நிலையாமை பதில் போட்டுட்டாரு. ‘அருமை. நாம் எல்லோருமே அந்த அறையில்தான் இருக்கிறோம்.’ பாருங்க, ஒரே வரி. கேள்வி என்ன சொல்றாங்க? ‘கதவு திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே இருப்பதும் ஓர் அறைதான் அல்லவா?’ ம்ம்ம். அதுக்குப் பனித்துளி, ‘வெளியே இருப்பது அறை இல்லை, வராந்தா. என் ஸ்கூட்டர் அங்கேதான் நிற்கிறது. தயவுசெய்து சீக்கிரம் வாருங்கள். விரல் மரத்துவிட்டது.’”

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஸ்கூட்டர்! எங்கே கொண்டுவந்து எதை நிறுத்துறாரு பாத்தீங்களா சிஸ்டர்? ஆன்மா உள்ளே, வாகனம் வெளியே. பெட்ரோல் இருக்கு, சாவி இருக்கு, ஓட்டத்தான் ஆள் இல்லை. இந்த ஆளை நான் குறைச்சு எடை போட்டுட்டேன்.”

தட்டை வெளியே இழுத்துப் போட்டுவிட்டுக் கத்தலாம் என்று வாய்க்குள் விரலை விட்டேன். பசை சிமெண்டாகியிருந்தது. மேல் தட்டும் கீழ்த் தட்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டி, இடையில் என் நாக்கு குடிபோகாத வீட்டுப் பூனை மாதிரி அங்குமிங்கும் ஓடியது.

நிலையாமை அதற்குள் வாக்கெடுப்பு வைத்துவிட்டார். அ) கதவு உள்ளே இருக்கிறது. ஆ) கதவு வெளியே இருக்கிறது. இ) கதவே இல்லை. டாக்டர் யோசிக்கவே இல்லை, மூன்றாவதை அழுத்தினார். குழுவே மூன்றாவதுக்குத்தான் போட்டது. ‘கதவு வெளியே இருக்கிறது’ என்பதற்கு ஒரே ஒரு ஓட்டு விழுந்திருந்தது.

“யாருய்யா அந்த மூளை இல்லாதவன்?” என்று டாக்டர் பார்த்தார். “அட, பனித்துளியே! தன் கட்டுரைக்குத் தானே எதிர் ஓட்டு!”

விறைத்துச் சாகப்போகிற நேரத்தில் எதற்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று பிறகு மாப்பிள்ளையிடம் கேட்டேன். “வாக்கெடுப்புன்னு வந்துட்டா போடாம இருக்க முடியலை மாமா” என்றார்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கட்டைவிரலும் பறந்தன. ‘கதவு: சில குறிப்புகள், பாகம் ஒன்று’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். எனக்கு ஒரேயடியாக விளங்கிவிட்டது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டை இத்தனை நாள் ஆறவைத்த மௌனம் இவர்தான். என் வாயை அடைத்துவிட்டு மௌனம் பேசிக்கொண்டிருந்தது.

பாகம் இரண்டு முடிந்தபோது பனித்துளியிடமிருந்து செய்தி வந்தது.

“‘இது உதாரணம் இல்லை. உண்மை. உண்மை. உண்மை.’ அய்யய்யோ.” டாக்டர் முகம் வாடியது. “இவ்வளவு நல்லா எழுதிட்டு, விதியை மீறிட்டாரே. நிலையாமை விடமாட்டாரு. பாருங்க, போட்டுட்டாரு: ‘எச்சரிக்கை. இன்னொரு முறை இப்படிச் சொன்னால் நீக்கப்படுவீர்கள்.’”

இன்னொரு முறை சொல்லாமல் மாப்பிள்ளை இருக்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். எதையும் ஒரு முறையோடு விட்டு அவருக்குப் பழக்கமில்லை. நீக்கிவிட்டால் அந்த அறையிலிருந்து வெளியே வரும் கடைசி இழையும் அறுந்துவிடும்.

டாக்டர் கை கழுவ எழுந்தார். போனை என் மார்புக்கு மேலே இருந்த கருவித் தட்டில் வைத்தார். நான் எடுத்துக்கொண்டேன். பாகம் மூன்று பாதியில் நின்றது. அதை அழித்துவிட்டு, ‘இது நிஜம். அவர் என் மாப்பிள்ளை. கிடங்கு இரண்டு தெரு தள்ளி. வாங்க போகலாம்’ என்று எழுதி டாக்டர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவர் படித்தார். அவர் கண்ணில் ஈரம் கசிந்தது.

“ஐயா, உங்களையே உள்ளே இழுத்துடுச்சு பாத்தீங்களா? நல்ல எழுத்துன்னா இதுதான். கேக்கிறவனுக்கு அது தன் சொந்த மாப்பிள்ளை மாதிரி தெரியணும்.” பிறகுதான் கவனித்தார். “என் மூணாம் பாகம் எங்கே?”

நான் நாற்காலியிலிருந்து குதித்து என் மகளின் நம்பரை அழுத்தினேன். அது ஒன்றுதான் எனக்கு மனப்பாடம். எடுத்தாள். “ஆவ்வூ! ஊவ்வா!” என்றேன். “நாயே, போனை வை” என்று வைத்துவிட்டாள். பெற்ற மகளிடம் முதல்முறையாக அந்தப் பெயர் வாங்கினேன். உடனே எழுத்தில் அனுப்பினேன்: ‘உன் புருஷன் குளிர் அறையில் மாட்டிக்கொண்டிருக்கிறார். கதவு திறக்கவில்லை.’

பதில் வந்தது: ‘புது நம்பர்ல இருந்தும் ஆரம்பிச்சாச்சா? வீட்டுக்கு வாங்க, உங்களுக்கு இருக்கு.’

அதோடு அந்த நம்பரை அவள் பிளாக் செய்தாள். நியாயமானவள்தான். ஆனால் முகம் தெரியாத நம்பருக்கு ஞாயிற்றுக்கிழமை வரை அவகாசம் தருவதில்லை.

வேறு வழி இல்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். கழுத்தில் கட்டிய பிளாஸ்டிக் துணி பின்னால் பறந்தது. இரண்டு தட்டின் கைப்பிடிகளும் உதட்டுக்கு வெளியே வாத்து மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. என் வயதில் இவ்வளவு வேகம் கூடாது. பஸ் ஒன்றை முந்தினேன். அது நின்றுகொண்டிருந்தது என்று சிலர் சொல்கிறார்கள், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பின்னாலேயே டாக்டர். “ஐயா! போன்! சேவ் பண்ணலை ஐயா!” என்று கத்திக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் உதவிப் பெண் வாசல்வரை வந்து, நாங்கள் தெருவைத் திரும்புவதைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். பாவம், அவளுக்கும் ஓய்வு வேண்டும்.

கிடங்கு வராந்தாவில் மாப்பிள்ளையின் ஸ்கூட்டர் நின்றது. மூன்றாம் நம்பர் அறையின் கைப்பிடி என் தொடை கனம் இருந்தது. பிடித்துத் தொங்கினேன். அசையவில்லை. உள்ளேயிருந்து லொட்டு லொட்டென்று ஏதோ தட்டும் சத்தம், அதுவும் களைத்துப்போய், இடைவெளி விட்டு.

டாக்டர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். “குடுங்க.”

போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு கைப்பிடியைக் காட்டினேன்.

“இதைத் திறந்தா குடுப்பீங்களா?”

தலையாட்டினேன்.

அந்த ஆள் தத்துவத்தில் எப்படியோ, தொழிலில் சூரர். கையை இரண்டு முறை தேய்த்துக்கொண்டார். ஒரு காலைச் சுவரில் ஊன்றி, கைப்பிடியை முதலில் இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் என்று ஆட்டி இளக்கினார். “வேர் பிடிச்சிருக்கு” என்று முணுமுணுத்தார். “பயப்படாதீங்க, ஒரே இழுப்புதான்” என்று கதவிடம் ஆறுதலாகச் சொல்லிவிட்டு இழுத்தார். கதவு வந்தது.

வெள்ளைப் புகை கலைந்ததும் மாப்பிள்ளை தெரிந்தார். காலிச் சாக்கு ஒன்றைத் தலைவழியாகப் போட்டுக்கொண்டு பட்டாணி மூட்டைமேல் குந்தியிருந்தார். கையில் ஒரு மீன் துண்டு, அதை வைத்துத்தான் கதவைத் தட்டியிருக்கிறார். மீசை பிஸ்கட் மாதிரி விறைத்து நின்றது. ஒடித்துப் பார்க்க ஆசையாக இருந்தது. மாப்பிள்ளை முறை ஆயிற்றே என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் வாய் பிளந்து நின்றார். “பனித்துளியா?”

“மௌ... மௌ... மௌனமா?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இப்போதாவது இந்த மனுஷன் தலையில் அடித்துக்கொண்டு அழுவார் என்று எதிர்பார்த்தேன்.

“மூணாம் பாகம் எழுதிட்டு இருந்தேன்” என்றார் டாக்டர். “இந்தப் பெரியவர் அழிச்சிட்டாரு.”

“ரெ... ரெண்டாம் பாகம் ந... நல்லா இருந்துச்சு” என்றார் மாப்பிள்ளை. “அதுல ஒரு ச... சந்தேகம்.”

“கேளுங்க, கேளுங்க” என்று டாக்டர் அரை அடி உள்ளே வைத்தார். அவர் தோளில் இடித்தபடி கதவு மெல்லச் சாத்திக்கொள்ள வந்தது.

அப்போது நான் கத்திய கத்தலில் தட்டு இரண்டும் பசையோடு பிய்த்துக்கொண்டு வெளியே போய் விழுந்தன. கத்தியது என்ன என்பதை இங்கே எழுத முடியாது. இருவரையும் சட்டையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் நிஜ டாக்டர்கள் மாப்பிள்ளையைச் சுற்றிலும் வெதுவெதுப்பாக்கி, விரல் பத்தும் பிழைத்துவிட்டது என்று சொல்லி, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி போனில் என் மகளிடம் நானே பேசினேன். இந்த முறை மனித பாஷையில். ஓடி வந்தாள். அவர் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே அழுதாள். “நான்தாங்க பிளாக் பண்ணினேன், நான்தான்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இனிமேல் தினமும் காலையிலேயே படிக்கிறேன், பட்டாணியானாலும் படிக்கிறேன் என்று அத்தனை நர்சுகள் முன்னாலும் வாக்குக் கொடுத்தாள். எனக்கே கண் கலங்கியது. இவ்வளவு பெரிய தியாகத்தை நான் நேரில் பார்த்ததில்லை.

டாக்டருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று குழுவில் எழுதினார்: ‘பனித்துளி உண்மையிலேயே மாட்டியிருந்தார். நானே நேரில் பார்த்தேன். கதவு வெளியேதான் இருக்கிறது.’ நல்ல மனுஷன் என்று நினைத்தேன். நிலையாமை இருவரையும் ஒரே நேரத்தில் நீக்கினார்.

வீட்டில் மாப்பிள்ளை கட்டிலில் இரண்டு கம்பளிக்குள் கிடந்தார். காலடியில் வெந்நீர்ப் பை. நோயாளியைப் பார்க்க வந்தேன் என்று டாக்டரும் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. செத்துப் பிழைத்தவர் முகமும் அவரைக் காப்பாற்றியவர் முகமும் அப்படியா இருக்கும்? வேலை போனவர்கள் மாதிரி இருந்தார்கள்.

“ஒரு மன்னிப்பு எழுதிப் போட்டா திரும்பச் சேத்துப்பாரு” என்றார் டாக்டர் தாழ்ந்த குரலில்.

“என்னன்னு எழுதறது?”

“உதாரணம்னு எழுத வேண்டியதுதான். நானும் கூட ஒரு வரி போடறேன்.”

மாப்பிள்ளை கட்டைவிரலில் கட்டு இருந்ததால் டாக்டரே எழுதினார். மாப்பிள்ளை திருத்தம் சொன்னார். ‘மிக’ என்பதை ‘மிக மிக’ என்று ஆக்கினார்கள். அனுப்பி முடிக்கும் நேரத்தில் என் மகள் சூடாக டீ எடுத்துக்கொண்டு வந்தாள். கொடுத்த வாக்கு நினைவு இருக்கிறதே. “என்னங்க எழுதறீங்க? குடுங்க, படிக்கிறேன்” என்று ஆசையாகப் போனை வாங்கினாள்.

உரக்கவே படித்தாள். “‘மதிப்பிற்குரிய நிலையாமை அவர்களுக்கு. நான் எந்த அறையிலும் மாட்டிக்கொள்ளவில்லை. எனக்குக் குளிரவும் இல்லை. நான் எழுதியது முழுக்க முழுக்க உதாரணம். மிக மிக வருந்துகிறேன். பனித்துளி. நான் எந்தக் கதவையும் திறக்கவில்லை. மௌனம்.’”

போனை டாக்டரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“மாட்டிக்கவே இல்லையா?” என்றாள்.

“அது குழுவுக்காகம்மா... ஒரு முறைக்கு...”

“குளிரவே இல்லையா?”

மாப்பிள்ளை டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தன் நோயாளிகளைப் போலவே கூரையைப் பார்த்தபடி வாயைத் திறந்துவைத்திருந்தார்.

“சரிங்க” என்றாள் என் மகள். “அப்ப மத்தியானம் ஆஸ்பத்திரியில நான் அழுததும் உதாரணம். அங்கே கொடுத்த வாக்கும் உதாரணம். உதாரணத்துக்கு எதுக்கு ரெண்டு கம்பளி?”

மேல் கம்பளியை உருவினாள். கீழ்க் கம்பளியை உருவினாள். வெந்நீர்ப் பையை எடுத்து என் மடியில் வைத்தாள். டீயை டாக்டரிடம் நீட்டுவது போல நீட்டி, அதையும் எனக்கே கொடுத்துவிட்டு, கம்பளிகளை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். எனக்கு மாலை நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

போன் டிங் என்றது.

“சேத்துட்டாரு!” என்று டாக்டர் துள்ளினார். “ரெண்டு பேரையும் சேத்துட்டாரு! புதுக் கேள்வியும் போட்டிருக்காரு பாருங்க. ‘மனிதனுக்கு இன்னொரு மனிதன் தேவையா?’ ஓட்டெடுப்பு வேற. நீங்க எதுக்குப் போடறீங்க?”

மாப்பிள்ளை போனைக் கையில் வாங்கினார். கட்டுப் போட்ட விரல் அதன்மேல் நடுங்கியது. தோளும் நடுங்கியது. கட்டிலே மெல்லத் தடதடவென்றது. அவர் போனைப் பார்த்தார், சமையலறைப் பக்கம் பார்த்தார், திரும்பப் போனைப் பார்த்தார்.

“குளிருது” என்றார்.

“யாருக்கு?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“எனக்குத்தான்.”

“எந்த எனக்கு?”

மாப்பிள்ளை இவ்வளவு கடினமான கேள்வியை அந்தக் குழுவில் ஒருநாளும் சந்தித்ததில்லை. பல் கிடுகிடுத்தது.

“எனக்கும்மா. உன் புருஷனுக்கு. இங்கே, கட்டில்ல. நிஜமா குளிருது.”

“விதி, விதி” என்று டாக்டர் பதறிப்போய்க் கிசுகிசுத்தார். “‘நிஜமா’ன்னு சொல்லாதீங்க...”

“யோவ், நீ வீட்டுக்குப் போய்யா” என்றார் மாப்பிள்ளை.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து, மூன்றாம் பாகத்தை மறுபடியும் முதலிலிருந்து எழுத வேண்டும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே போனார்.

என் மகள் வந்தாள். முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது. முதல் கம்பளியை உதறிப் போட்டாள், இரண்டாவதை அதன்மேல் போட்டாள், ஓரங்களையெல்லாம் அவர் உடம்புக்கு அடியில் பார்சல் கட்டுவது போல அழுத்திச் சொருகினாள். கடைசியில் கம்பளி நழுவாமல் இருக்க அதன் விளிம்பின்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். போன் கீழே விழுந்து டிங் டிங் என்றது. யாரும் குனியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மாப்பிள்ளை, “இன்னும் குளிருது” என்றார். அவ்வளவாகக் குளிர்ந்திருக்காது.

“கேட்டுச்சுங்க” என்றாள்.